கிபிருக்கு ஓடியவன் ஜெட் படம் எடுக்க எங்கே போவது?

போன மாதம் வீட்டில் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கக் கடற்படையின் சூப்பர் ஹோர்னட் போர் ஜெட் ஒன்று ஓடுபாதையை விட்டு எழும்புகிற காட்சி. சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார். "உதை நிப்பாட்டு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். 2006 ஏப்ரலில் அங்கே இலங்கை விமானப்படையின் குண்டு விழுந்தபோது எனக்குப் பதினாறு வயது. ஜெட் என்ற சொல் எங்கள் வாயில் வந்ததே இல்லை, எல்லாமே கிபிர்தான். அது இஸ்ரேலில் செய்த ஒரு விமானத்தின் பெயர் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. மிக்-27 வந்தாலும் சனம் "கிபிர் வருது" என்றுதான் ஓடும். பங்கருக்குள் குப்புறக் கிடந்த யாரும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்றைக்கு ஜெட் விமானங்களைப் படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு வந்திருக்கிற இந்த விசர் அதனால்தானோ என்னவோ.

இப்போது திருகோணமலை டவுனில் ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள். ஒரு பயணத்துக்கும் ஒரு லென்ஸுக்கும் போதுமான காசு சேர்ந்திருக்கிறது, இரண்டு பயணத்துக்கு இல்லை. கடற்படை விமானத் தளம் ஒன்றில் ஜெட்கள் ஏறுவதையும் இறங்குவதையும் எடுக்க வேண்டும். எங்கே போவது என்று ஆறு மாதமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டு அலசியதை எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கிற கேள்வி: சீனக்குடா விமானத் தளம் பக்கத்திலேயே இருக்கிறதே? இருக்கிறது. ஒரு காலத்தில் அது கடற்படை விமானத் தளமாகவும் இருந்ததுதான். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு 'பம்பாரா' என்ற பெயரில் அங்கே இயங்கியது. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கோர்சயர், பராகுடா விமானங்கள் எல்லாம் வந்து இறங்கிய இடம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் வந்து குண்டு போட்டதும் அங்கேதான். ஆனால் இன்றைக்கு அது விமானப்படைப் பயிற்சிக் கல்லூரி. அன்றாடம் மேலே சுற்றுவது பெரும்பாலும் பிடி-6 போன்ற ப்ரொபெல்லர் பயிற்சி விமானங்கள். அதோடு வேலியில் தொங்குகிற 'படம் எடுக்கத் தடை' பலகை சும்மா அழகுக்குத் தொங்கவில்லை, 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க உத்தியோகபூர்வ இரகசியச் சட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். சில வருடங்களுக்கு முன்னால் கடற்கரையில் ஒரு கலியாண ஜோடியை நிறுத்திப் படம் எடுத்தேன். பின்னால், தூரத்தில், ஒரு சாம்பல் நிறக் கப்பல் நின்றது. சீருடையில் ஒருவர் வந்து கமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் பார்த்து முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் நெற்றி மேக்கப் வேர்வையில் வழிந்துவிட்டது, நல்ல வெளிச்சமும் போய்விட்டது. 70-200 மில்லிமீற்றர் லென்ஸுக்கே அப்படி. அரை முழ நீளத்தில் வெள்ளை லென்ஸோடு ஓடுபாதை ஓரம் நிற்கிற ஆள் நான் இல்லை. சீனக்குடா வேண்டாம்.

வேறு நாட்டுக்குப் போனாலும் இந்தப் பிரச்சினை நம்மோடு கூடவே வரும் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். 2001இல் கிரேக்கத்தின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் விமானம் பார்க்கப் போன பன்னிரண்டு பிரித்தானியரையும் இரண்டு நெதர்லாந்துக்காரரையும் உளவாளிகள் என்று பிடித்தார்கள். அடுத்த வருடம் தண்டனை கொடுத்தார்கள், பிறகு மேன்முறையீட்டில் விடுதலை. ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி. அதனால் என் ஒப்பீட்டில் முதல் கேள்வி எந்த விமானம் என்பது இல்லை. அந்த ஊர்க்காரர்களே வேலியோரம் ஏணி வைத்து நின்று எடுக்கிறார்களா, ஒருவரும் அவர்களை ஏன் என்று கேட்பதில்லையா என்பதுதான்.

அந்தக் கேள்வியில் இந்தியா பாதியில் விழுந்துவிடுகிறது. ஆசை காட்டுவது அதுதான்: பக்கம், செலவு குறைவு, ஈ-விசா, தமிழில் பேசி அலையலாம். கோவாவின் டபோலிமில் இருக்கிற ஐஎன்எஸ் ஹன்சாவில்தான் மிக்-29கே ஜெட்களின் ஸ்குவாட்ரன்கள் (விமானப் பிரிவுகள்). அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி, அங்கே பி-8ஐ என்ற கடல் கண்காணிப்பு விமானம். அதுவும் ஜெட்தான், போயிங் 737இலிருந்து செய்தது. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து, மன்னாருக்கு நேரெதிரே, ஆனால் அங்கே டோர்னியர் ரக ப்ரொபெல்லர் விமானங்கள். எந்தத் தளத்துக்கு வெளியேயும் நின்று படம் எடுக்க முடியாது. 1923ஆம் ஆண்டின் இரகசியச் சட்டம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டு, தமிழ்ப் பெயர், பெரிய லென்ஸ், ராமநாதபுரம் கரை: இந்த நாலும் சேர்ந்தால் வருகிற விசாரணையை நான் நினைத்தும் பார்க்க விரும்பவில்லை.

முறைப்படி பார்க்க இந்தியாவில் ஒரு வழி உண்டு. டிசம்பர் 4ஆம் திகதி அவர்களின் கடற்படை தினம். அதையொட்டிக் கடற்கரையில் சனத்துக்கு முன்னால் போர்க்கப்பல்களும் விமானங்களும் சாகசம் காட்டுவார்கள். நெடுங்காலமாக விசாகப்பட்டினத்தின் ராமகிருஷ்ணா கடற்கரையில் நடந்தது, 2023இல் மகாராஷ்டிராவின் சிந்துதுர்க், 2024இல் பூரி என்று இடம் மாறி வருகிறது. இதில் நான் ஒரு விஷயம் கவனித்தேன். நிகழ்ச்சி பின்னேரம் நடக்கும். கிழக்குக் கரை என்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், விமானத்தின் வயிறு வரை வெளிச்சம். மேற்குக் கரை என்றால் சூரியன் முகத்தில் அடிக்கும், விமானம் கறுப்பு நிழல். உப்புவெளிக் கடற்கரையில் பின்னேரம் ஜோடிகளை நிறுத்துகிற எவருக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் மறந்தேன். 2021 மார்ச்சில் இலங்கை விமானப்படையின் 70ஆவது ஆண்டுக்குக் காலிமுகத்திடலில் இந்தியாவின் சூர்யகிரண் அணியும் தேஜாஸும் வந்தபோது விடியவே வெளிக்கிட்டுக் கொழும்புக்குப் போனேன். கடல் மேற்கே, சூரியனும் மேற்கே. நானூறு படத்தில் தேறியது ஆறு. ஆறிலும் விமானம் காக்கை மாதிரி.

அதைவிடப் பெரிய குறை, இவை சாகசப் பறப்பு. ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. எனக்கு வேண்டியது சில்லு தரையைத் தொடுகிற அந்தக் கணம்.

லண்டன் மாமா "இங்க வாடா, யோவில்டனுக்குக் காரில கூட்டிக்கொண்டு போறன்" என்கிறார். மாமாவுக்கு மனசு பெரிது. ஆனால் யோவில்டன் கடற்படை விமானத் தளத்தில் இப்போது இருப்பவை வைல்ட்கேட், மெர்லின் ஹெலிகொப்டர்கள். பிரித்தானியரின் எஃப்-35பி ஜெட்கள் நிற்பது மார்ஹம் என்ற விமானப்படைத் தளத்தில். யோவில்டன் வேலியோரம் இருக்கிற கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒரு கோர்சயர் இருக்கிறது, கேடி431 என்ற இலக்கம், போர்க்காலப் பெயின்ற் அப்படியே. சீனக்குடாவில் இறங்கிய அதே ரகம். அதைப் பார்க்க ஒரு நாள் போவேன். இந்தக் காசில் இல்லை.

ஆக மிஞ்சியவை இரண்டு. அமெரிக்காவின் ஓஷியானா, யப்பானின் இவாகுனி.

படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஓஷியானாதான், பேச்சுக்கு இடமில்லை. வேர்ஜினியா பீச்சில் இருக்கிற அந்தத் தளம் அமெரிக்கக் கடற்படையின் கிழக்குக் கரைப் போர் ஜெட்களுக்கெல்லாம் தாய்வீடு. 2006இல் எஃப்-14 டொம்கட் ஓய்வு பெற்றதும் அங்கேதான். இப்போது சூப்பர் ஹோர்னட் ஸ்குவாட்ரன்கள் ஒரு டசினுக்கு மேல். விமானந்தாங்கிக் கப்பல் கடலுக்குப் போய்விட்டால் சில ஸ்குவாட்ரன் இல்லாமல் போகும், ஆனால் புது விமானிகளைப் பழக்குகிற 106ஆவது ஸ்குவாட்ரன் எப்போதும் ஊரில். சனம் நின்று பார்ப்பதற்கென்றே ஓஷியானா புலவார்ட் ஓரம் பூங்கா இருக்கிறது. அது தளத்துக்குக் கிழக்குப் பக்கம், எனவே காலை வெளிச்சம் நல்லது. பின்னேரம் என்றால் மேற்கே லண்டன் பிரிட்ஜ் வீதிப் பக்கம் மாற வேண்டும்.

அதைவிட ஒரு காரணம் இருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவதற்கு முன்னால் விமானிகள் தரையில் அதே மாதிரி இறங்கிப் பழகுவார்கள். ஓடுபாதையோரம் ஒரு விளக்குத் தொகுதி, அதில் தெரிகிற ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே வந்து, மூக்கைத் தூக்கி மெதுவாக வைக்காமல், தொப்பென்று போட்டுவிட்டு உடனே திரும்ப எழும்புவது. சுற்றி வந்து மறுபடி. சில நிமிடத்துக்கு ஒருமுறை அதே விமானம் அதே உயரத்தில் அதே இடத்தைக் கடக்கும். முதல் தடவை பிழைத்தால் இரண்டாம் தடவை திருத்தலாம், அதுவும் பிழைத்தால் மூன்றாம் தடவை. கலியாணத்தில் தாலி கட்டுவது ஒருமுறைதான் என்று பழகியவனுக்கு இது சொர்க்கம். இந்தப் பயிற்சிக்கென்று பக்கத்தில் செசபீக்கில் ஃபென்ட்ரஸ் என்ற தனி ஓடுபாதையே வைத்திருக்கிறார்கள்.

யப்பானில் இது வழக்கமாகக் கிடைக்காது. இவாகுனியில் இருக்கிற அமெரிக்கக் கடற்படை ஜெட்கள் இந்தப் பயிற்சிக்குப் பொதுவாகத் தூரத்திலுள்ள இவோடோ தீவுக்குப் போய்விடும், ஊர்ச் சனத்துக்குச் சத்தம் தாங்காது என்று. (சத்தம் தாங்காது என்றால் பயிற்சியையே தீவுக்குக் கொண்டுபோகிற நாடும் இருக்கிறது பாருங்கள்.)

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பழைய கட்டுரைகள் யப்பானின் அட்சுகித் தளத்துக்குப் போ என்று சொல்லும். அவற்றை நம்பிப் போகாதீர்கள். விமானந்தாங்கிக் கப்பலின் ஜெட்கள் 2018 மார்ச்சோடு அட்சுகியை விட்டு இவாகுனிக்கு மாறிவிட்டன. இவாகுனியில் அமெரிக்க மரைன் படையின் எஃப்-35பி 2017 முதல் இருக்கிறது, கடற்படையின் சூப்பர் ஹோர்னட் இருக்கிறது, யப்பான் கடற்படையும் அதே ஓடுபாதையைப் பாவிக்கிறது, 2012இலிருந்து சாதாரணப் பயணிகள் விமானமும் வந்து போகிறது. கடலை நிரப்பிக் கட்டிய ஓடுபாதை, பக்கத்துக் கரைக்கட்டில் யப்பான்காரர் மடிப்புக் கதிரை போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் யார் மேலும் சந்தேகம் இல்லை. நான் தேடியது அந்தக் கதிரை வரிசையைத்தான்.

அப்புறம் கணக்கு. அக்கா ரொறன்ரோவில் இருக்கிறா. அங்கே போய் அத்தானின் காரில் வேர்ஜினியா பீச்சுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். அதற்கு எனக்குக் கனடா விசாவும் வேண்டும், அமெரிக்க விசாவும் வேண்டும். நேர்முகத்தில் "அமெரிக்காவில் என்ன செய்யப் போகிறீர்?" என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். "கடற்படைத் தளத்தில் போர் விமானம் படம் எடுக்க" என்று சம்பூரில் பிறந்தவன் சொன்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகம் எப்படிப் போகும்? அதே வேர்ஜினியாவில் கடற்படைக் கப்பல்கள் கட்டுகிற இடத்தின் மேல் ட்ரோன் விட்டுப் படம் எடுத்த ஒரு வெளிநாட்டு மாணவருக்கு 2024இல் சிறை கிடைத்தது. பூங்காவில் நின்று எடுப்பதும் ட்ரோன் விடுவதும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கே நிற்கும்போது கை நடுங்கும், நடுங்குகிற கையில் படம் வராது.

யப்பானுக்கு ஒரு விசா. ஹிரோஷிமாவில் மச்சான் ஒருவன் கார் யார்டில் வேலை செய்கிறான், அவன் அறையில் படுக்கலாம். அங்கிருந்து இவாகுனிக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. இறங்கும் பயிற்சி கிடைக்காத குறை இருந்தாலும், எஃப்-35பி ஓஷியானாவில் இல்லாதது. என் கணக்கில் இவாகுனி.

ஆனால் எப்போது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். யொகொசுகா துறைமுகத்தில் நிற்கிற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் பொதுவாக வேனிலில் கடலுக்குப் போய் ஆண்டு முடிவையொட்டித்தான் திரும்பும். இடையில் போனால் அதன் ஜெட்கள் ஊரில் இருக்காது. மே 5ஆம் திகதி வாக்கில் தளத்தைத் திறந்துவிடுகிற திருவிழா நல்லதுதான், ஆனால் சனக்கூட்டத்தின் தலைகளைத்தான் படம் எடுக்க வேண்டிவரும். பனிக்காலம்தான் சரி. அதிலும் நத்தார், புதுவருட விடுமுறையில் பறப்பு குறைவு. ஜனவரி முதல் கிழமை கழிந்து தைப்பொங்கலுக்கு முன்னால், வார நாட்களில். மார்கழியில் இங்கே கலியாணம் இல்லை, ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுப் போனாலும் ஒருவரும் தேடமாட்டார்கள். குளிர்காற்றில் கானல் குறைவு என்பது இன்னொரு லாபம். சூட்டில் தரையிலிருந்து எழும்புகிற அலை எவ்வளவு விலை கூடிய லென்ஸையும் பீங்கான் ஓடாக்கிவிடும்.

சரி, போயாகிவிட்டது. ஏறுவதை எடுப்பதா, இறங்குவதை எடுப்பதா? இரண்டையும் ஒரே இடத்தில் நின்று நன்றாக எடுக்க முடியாது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஒரு முனையால் வந்து இறங்கி மறு முனையால் ஏறிப் போகும். சோளகக் காற்று அடித்தால் படகின் பாயை எப்படி வைப்பது, வாடைக் காற்று அடித்தால் எப்படி என்று தெரிந்த ஊரில் பிறந்ததால் இது எனக்குப் புதிதில்லை. காலையில் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் கரைக்கட்டின் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டும்.

ஏறுவது பார்க்கிறவனுக்குப் பெரிது: ஆஃப்டர்பர்னர் நெருப்பு, நெஞ்சுக்கூடு அதிர்கிற சத்தம். கமராவுக்கு அவ்வளவு நல்லதில்லை. எரிபொருளும் சுமையும் எவ்வளவோ அதைப் பொறுத்துத் தரையை விடுகிற இடம் மாறும், எங்கே குறிவைப்பது என்று தெரியாது. கடந்து போனதும் மிஞ்சுவது பின்பக்கமும் வெப்ப அலையும். நெருப்பு மங்கல் வெளிச்சத்தில்தான் தெரியும், அப்போது ஷட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இறங்கும்போது வழி தண்டவாளம் மாதிரி. மூன்று பாகைச் சரிவு என்று வைத்தால், தரை தொடும் இடத்துக்கு 1 கிலோமீற்றர் முன்னால் உயரம் 52 மீற்றர்தான். மூன்று தென்னையை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தின உயரம். சில்லு இறங்கியிருக்கும், இறக்கை மடிப்புகள் விரிந்திருக்கும், வாலுக்குக் கீழே கப்பல் கம்பியைப் பிடிக்கிற கொளுக்கி தெரியும், விமானியின் தலைக்கவசம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுகூடத் தெரியும். கடற்படை ஜெட்கள் நேராக வந்து இறங்காமல் ஓடுபாதைக்கு மேலே கூட்டமாக வந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சடாரென்று சாய்ந்து திரும்புகிற வழக்கமும் உண்டு. ஈரக்காற்றில் அந்தத் திருப்பத்தில் இறக்கைமேல் வெள்ளைப் புகை மாதிரி ஆவி படியும். அங்கே நிற்கப்போகிற மூன்று நாளில் இரண்டரை நாள் இறங்குவதற்கு.

லென்ஸ் விஷயத்தில் எல்லோரும் 150-600 வாங்கு என்பார்கள். 2 கிலோ நிறை, கையில் தூக்கி ஒரு நாள் நின்றால் தோள் கழன்றுவிடும். கடதாசியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூப்பர் ஹோர்னட்டின் நீளம் 18.3 மீற்றர். 300 மீற்றர் தூரத்தில் அது பக்கவாட்டில் போனால், 400 மில்லிமீற்றர் லென்ஸில் சென்சர்மேல் விழும் படத்தின் நீளம் 24.4 மில்லிமீற்றர். என் கமராவின் சென்சர் அகலம் 23.5. அதாவது மூக்கும் வாலும் வெட்டுப்படும்! 600 அந்த இடத்தில் வீண். 600 மீற்றருக்குத் தள்ளி நின்றால் 400இல் பாதிக் கட்டம் நிரம்பும், அப்போதுதான் 600 உதவும். என்னிடம் இருக்கிற 70-200க்கு 2 மடங்கு எக்ஸ்டென்டர் போட்டால் 400 ஆகிவிடும், வெளிச்சம் இரண்டு ஸ்டொப், அதாவது நாலில் ஒன்றாகக் குறையும், ஃபோகஸ் கொஞ்சம் தடுமாறும். 100-400 ஒன்று வாங்குவது நடுவழி. கனோனின் மலிவு ரகம் 635 கிராம்தான். ஜெட்டுக்கு 1/1600 செக்கன் போதும். ப்ரொபெல்லர் விமானம் என்றால் 1/160க்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ப்ரொபெல்லர் சுழலாமல் நின்ற மாதிரி வரும்.

பழகுவதற்குச் சீனக்குடா வேண்டியதில்லை. ஸ்டூடியோவுக்கு முன்னால் கொழும்பு பஸ் போகிறது. 60 கிலோமீற்றர் வேகத்தில், 15 மீற்றர் தள்ளி நிற்கிற எனக்கு முன்னால் கடக்கும்போது கமராவைச் செக்கனுக்கு 60 பாகைக்கு மேல் திருப்ப வேண்டியிருக்கிறது. 250 கிலோமீற்றர் வேகத்தில் 300 மீற்றர் தள்ளிப் போகிற ஜெட்டுக்கு 13 பாகை போதும். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிற சாமி பெயர் தெளிவாக விழுந்தால் ஜெட்டில் இலக்கம் விழும். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு கிழமையாக என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார். துறைமுகப் பக்கம் வட்டமிடுகிற செம்பருந்தும் நல்ல வாத்தியார், ஆனால் அது சொல்லாமல் திரும்பும்.

மச்சானிடம் அழைப்புக் கடிதம் கேட்டிருக்கிறேன். எக்ஸ்டென்டரா, 100-400ஆ என்பது இன்னும் முடிவாகவில்லை, இரண்டையும் வாடகைக்கு எடுத்துப் பஸ்ஸில் பார்த்துவிட்டுத்தான். இதுவரை காசு கொடுத்து வாங்கியது ஒன்றே ஒன்று: ஹெட்ஃபோன்.